சூடான ரேடியேட்டரைத் திறக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் கோடைக்கால வாகனப் பராமரிப்பு பற்றிக் கட்டம் கட்டி ஒரு குறிப்பு வந்திருந்தது. டயர் காற்று, பேட்டரி, வைப்பர் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். நான்காவது வரியைப் படித்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். “என்ஜின் அதிகம் சூடானால் வண்டியை ஓரமாக நிறுத்தி, உடனே ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றவும்” என்று இருந்தது. அந்த வரியை நம்பி இந்த மாதம் யாராவது ஒருவர் சூடான மூடியில் கை வைப்பார். தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. அயனாவரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று எது நடந்தாலும் அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, அடுப்பு எல்லாம் எங்களிடமிருந்து போகும். ஏற்றிப் போக ஒரு டாடா 207 பிக்கப் வைத்திருக்கிறேன். 2008 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வருஷா வருஷம் எஃப்.சி. காட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நல்ல வண்டி. அதற்கு வந்த கோளாறை வண்டியின் தலையில் போட மாட்டேன். அது எங்கள் கையாலும் நாங்கள் ஊற்றிய தண்ணீராலும் வந்தது.

போன வருஷம் வைகாசியில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் காலை முகூர்த்தம், அன்று ராத்திரி வரவேற்புக்கே சமையல் ஆரம்பிக்க வேண்டும். பகல் பன்னிரண்டரைக்குக் கடையிலிருந்து கிளம்பினோம். பின்னால் ஏறத்தாழ ஒரு டன் பாத்திரம். பக்கத்தில் கடைப் பையன், அப்போது பத்தொன்பது வயது. பாடி, பூந்தமல்லி எல்லாம் ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம், சூடு காட்டும் ஊசி பாதிக்குக் கீழேயே இருந்தது. திருமழிசை தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் ஏற ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே ஊசி தானாகச் சரசரவென்று இறங்கிவிட்டது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று அப்படியே ஓட்டினேன். சுங்குவார்சத்திரம் வருவதற்குள் பானெட் இடுக்கு முழுக்கப் புகை போல ஆவி.

ஓரம் கட்டினேன். ஒலிபெருக்கி மாதிரி கத்திக்கொண்டு லாரிகள் பறக்கிற இடம். நான் பின்னால் ஓடி, பாத்திரக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் நல்ல எண்ணத்தில், எல்லாரும் சொல்லிக் கேட்டதைத்தான் செய்தான். ஐந்து லிட்டர் கேனை எடுத்து வந்து, கைத்துண்டை மடித்து, மூடியைத் திருகினான். நான் திரும்புவதற்குள் சத்தம் கேட்டது. துண்டு பறந்துபோனது. கொதிநீர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, அவன் வலது முன்கை, கழுத்து, தாடையின் கீழ்ப்பக்கம் எல்லாம் கொட்டியது.

எதிரே டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் உதவத்தான் வந்தார்கள். ஒருவர் பற்பசையைப் பிதுக்கி அவன் கையில் தேய்த்துவிட்டார். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அன்று சாயங்காலமே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுவந்தோம். அங்கே அந்தப் பற்பசையைக் கழுவி எடுக்கும்போது அவன் போட்ட கூச்சலை நான் இன்னும் மறக்கவில்லை. வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிடுவதைத் தவிர வேறு எதையும் தடவக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் அம்மா சொன்னார்கள். எனக்கு அது வரைக்கும் தெரியாது. அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த வராண்டாவில் நின்றேன்.

ஏன் அப்படிப் பீறிட்டது என்று அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. என் வண்டி மூடியின் தலையில் 0.9 என்று குத்தியிருக்கும். உள்ளே வெளிக்காற்றைவிட 0.9 பார் அழுத்தம் கூடும் வரை வால்வு திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரி வரை தண்ணீராகவே நிற்கும். மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் அடங்கியிருந்த தண்ணீரில் ஒரு பகுதி அப்போதே பொங்கி ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். எங்கள் கடையில் பெரிய குக்கர்களும் வாடகைக்குப் போகின்றன. விசில் அடங்காத குக்கரின் மூடியைத் திறக்கும் சமையல்காரரை நான் பார்த்ததே இல்லை. அதே புத்தி வண்டி விஷயத்தில் நமக்கு வருவதில்லை.

அந்த ஊசி இறங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பி என்ஜினைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். சூட்டைக் காட்டும் சென்சார் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஆவியிலும் காற்றிலும் நிற்கிறது. அப்போது ஊசி கீழே வரலாம். சிவப்பு வரை போன ஊசி, நீங்கள் வேகத்தைக் குறைக்காமல் எதுவும் செய்யாமல் தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள்.

இனி இதற்கு முந்தைய கதை. இது நடந்தது வைகாசியில். வண்டி சூடாக ஆரம்பித்தது பங்குனியிலேயே. முதலில் ஒரு பட்டறைக்குப் போனேன். “சென்னை வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை சார்” என்று சொல்லி அதைக் கழற்றித் தூக்கிப் போட்டார்கள். என்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு அது. பத்து நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. அப்புறம் மறுபடியும் சூடு. இரண்டாவது பட்டறையில் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்” என்றார்கள். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியில் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில், வாயுவும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டு, புது கேஸ்கட், புது போல்ட், கூலி என்று இருபத்தோராயிரம் ரூபாய். நாலு நாள் வண்டி நின்றது. அந்த நாலு நாளும் சித்திரை முகூர்த்தம். வாடகை வண்டி பிடித்துப் பாத்திரம் அனுப்பினேன். அந்தச் செலவுக்குப் பிறகுதான் நான் சொன்ன காஞ்சிபுரம் பயணம்.

அந்தப் பட்டறைகளின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு என்னிடம் பகை எதுவும் கிடையாது. தேடாமல் கழற்றுவது இந்தத் தொழிலில் பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரு சாமானைக் கழற்றும் முன் அதுதான் காரணம் என்று காட்டச் சொல்லும் உரிமை வண்டிக்காரனுக்கு இருக்கிறது. அதை நான் புதுப்பேட்டையில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே இருப்பவர் எழுபது வயதுப் பெரியவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். ஸ்பேனரை எடுக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்ப சூடாகுது தம்பி? நின்னா சூடாகுதா, ஓடினா சூடாகுதா?”

“ஓடினாத்தான் பாய். லோடோட ஹைவேல ஏறினா சூடாகுது. டிராஃபிக்ல ஒண்ணுமே இல்லை.”

“அப்ப விசிறியைக் குத்தம் சொல்லாதே. தண்ணி ஓட்டத்தைப் பாக்கணும்.”

எனக்கு அந்த இரண்டு வரியிலேயே கண் திறந்த மாதிரி இருந்தது. சிக்னலில், நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்றுப் பற்றவில்லை என்று அர்த்தம். விசிறி, விசிறி பெல்ட், விசிறியைச் சுற்றியிருக்கும் கூடு, ரேடியேட்டர் முகப்பில் அடைத்திருக்கும் குப்பை, இவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது, லோடில், மேட்டில் சூடானால் காற்று நன்றாகத்தான் வருகிறது, தண்ணீர்தான் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப், கீழ் ஹோஸ், இவை சந்தேகத்துக்கு உரியவை. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அல்லது நிஜமாகவே கேஸ்கட் போயிருக்கலாம். சூடு எப்போது வருகிறது என்று வண்டிக்காரன்தான் பார்த்திருப்பான். என்னை அந்த இரண்டு பட்டறையிலும் யாரும் இதைக் கேட்கவே இல்லை.

அடுத்து, “தண்ணி எங்கே போகுது?” என்று கேட்டார். தினமும் அரை லிட்டர், முக்கால் லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது பெரிய விஷயம் என்றே நான் நினைக்கவில்லை. மூடிய சுற்று அது, தண்ணீர் குறையவே கூடாது, குறைந்தால் எங்கோ போகிறது என்றார். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளியே சொட்டாமல் சூட்டில் மட்டும் கசிந்தால் அந்த இடத்தில் காய்ந்த உப்புக் கோடு வெள்ளையாக நிற்கும். என் வண்டியில் மேல் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் அப்படி ஒரு கோடு இருந்தது. மூடியின் அடியில் இருக்கும் ரப்பரும் வெடித்துப்போயிருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியே போய்விடும். நூற்றைம்பது, இருநூறு ரூபாய் மூடி அது. இருபத்தோராயிரம் செலவழித்தபோது அதை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்ஜின் முழுக்க ஆறியிருந்தது. மூடியைத் திறந்து ஒற்றை விரலை உள்ளே விட்டு எடுத்தார். செம்மண் குழம்பு மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை என் உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போனார். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், ஒரு விரல் கனத்துக்குத்தான் உள்ளே போக வேண்டுமாம். வாட்டர் பம்ப் புல்லியை ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் கசிவு இல்லை. ஆயிலில் ஸ்டிக் போட்டுப் பார்த்தார், கறுப்பாகத்தான் இருந்தது, தண்ணீர் கலந்திருந்தால் வரும் பால் டீ நிறம் இல்லை.

பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும், மூடியைப் போட்டு ஓட்டினால் ஹோஸ் சூடாவதற்கு முன்பே கல் மாதிரி இறுகிவிடும். முதலில் ஒன்றிரண்டு குமிழி வந்தது, நின்றுவிட்டது. “உன் கேஸ்கட் நல்லா இருக்கு. அதுக்கு முன்னாடி இருந்ததும் நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார். கழற்றிய பழைய கேஸ்கட்டை நான் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிக் கடை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டர் வளையத்தையும் தண்ணீர் ஓட்டையையும் விரலால் தொட்டுக் காட்டினார். வாயு கிழித்துக்கொண்டு போயிருந்தால் வளையத்திலிருந்து ஓட்டை வரைக்கும் ஒரு கருகிய கோடு இருந்திருக்குமாம். எங்கேயும் இல்லை.

ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றச் சொன்னார். நான் மிதித்ததும் ரேடியேட்டர் வாயிலிருந்து தண்ணீர் எழும்பி வழிந்தது. பம்ப் தள்ளுகிற தண்ணீரை ரேடியேட்டர் உள்வாங்கவில்லை. என் மகனிடம் ஒரு தெர்மாமீட்டர் துப்பாக்கி இருந்தது, ஏ.சி. வேலைக்கு வாங்கியது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது இதற்கு உதவாது, உடம்புச் சூட்டுக்கு மேல் அது காட்டாது. என்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு ரேடியேட்டர் முகப்பில் இடம் இடமாகக் காட்டினோம். மேல் ஓரத்தில் 90 டிகிரிக்கு மேல். நடுவில் ஒரு பட்டை 80. அதை ஒட்டிக் கைப்பிடி அகலத்துக்கு 45, 42. சூடான தண்ணீர் அந்தப் பக்கம் போகவே இல்லை. பாய் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, புறங்கையை முகப்பின் மேல் மெதுவாக நகர்த்தி, அதே இடத்தில் வந்து நிறுத்தினார். (எலக்ட்ரிக் விசிறி உள்ள வண்டியில் இப்படிக் கை வைக்காதீர்கள். என்ஜின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.)

ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியையும் கீழ் தொட்டியையும் ஈயம் உருக்கிப் பிரித்தார். முன்பு வண்டி வைத்திருந்தவர் மாற்றிய பித்தளை ரேடியேட்டர் அது, அதனால் பிரிக்க முடிந்தது. இப்போது வரும் அலுமினியத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்தவற்றில் இந்த வேலை நடக்காது, மாற்றத்தான் வேண்டும். பிரித்ததைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, குழல்களின் ஊடே பார்க்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக் குழலில்தான் வெளிச்சம் தெரிந்தது. மற்றவை வெள்ளையும் காவியுமாக அடைத்திருந்தன. மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்தியபோது ஒரு சில்லு உடைந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன்.

அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக என் கடையில் நான் சுரண்டிக்கொண்டிருப்பது அது. வெந்நீர் அண்டாவின் அடியிலும், காபி பாய்லரின் உள்ளேயும் படியும் அதே வெள்ளைப் பொருக்கு. எங்கள் தெரு போர் தண்ணீரை ஊற்றிப் பத்துத் தடவை கொதிக்க வைத்தால் அண்டாவில் நகத்தால் கீறும் அளவுக்குப் படிந்துவிடும். என் மனைவி எலுமிச்சைத் தோலையும் புளியையும் போட்டு ஊறவைத்துத் தேய்ப்பாள். பொருக்குப் படிந்த அண்டாவில் தண்ணீர் கொதிக்க நேரமாகும், கேஸ் அதிகம் ஆகும் என்று சமையல்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவ்வளவும் தெரிந்த நான், அதே தெரு போர் தண்ணீரை அதே பிளாஸ்டிக் குடத்தால் வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறேன். அது தினமும் என்ஜினில் கொதிநிலை வரை போய் வருகிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

சென்னையில் இது என் ஒருவன் கதையாக இருக்க முடியாது. இங்கே பெரும்பாலான தெருக்களில் கையில் கிடைப்பது போர் தண்ணீர்தான். கரையோரத்தில் கடல் நீர் உள்ளே வந்து நிலத்தடி நீர் உப்பாகிப்போன கதை மீஞ்சூர்ப் பக்கம் போனால் எல்லாருக்கும் தெரியும். 2019-ல் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீரைக் குடத்துக்குக் குடம் வரிசையில் நின்று வாங்கினோம், ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் தேட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் அந்த நான்காவது வரி எனக்கு அவ்வளவு உறுத்துகிறது. சூடானால் தண்ணீர் ஊற்று, மறுபடி சூடானால் மறுபடி ஊற்று என்று பழகிவிட்டால், ஒவ்வொரு குடமும் அடைப்பில் இன்னொரு பூச்சுப் பூசுகிறது. நோயை வளர்க்கிற மருந்தாகிவிடுகிறது அது.

ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பொருக்கோடு சேர்த்து ஈயப் பற்றையும் அலுமினியத்தையும் அது தின்றுவிடும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் பாயிடம் நான் வாதம் செய்தேன். சென்னையில் அது எதற்கு என்ற பேச்சு என் தலையிலும் ஊறியிருந்தது. அவர் புதிதாக ஒன்றை வாங்கி வரச் சொன்னார், விளிம்பில் 82 என்று குத்தியிருந்தது, எத்தனை டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் என்பது அது. அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீரில் சின்னக் குமிழிகள் ஏற ஆரம்பித்தன. தளதளவென்று கொதி வருவதற்கு முன்பே அதன் வாய் பூ விரிகிற மாதிரி மெல்லத் திறந்தது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறது, ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடுகிறது. கரண்டு இல்லை, கம்பி இல்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராமல் டீசல் குடிக்கும், தேயும். அதோடு, பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பக்கவழியையும் மூடுகிறது. அதைப் பிடுங்கிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கே திரும்பிப் பம்புக்கு வந்துவிடும். குளிரட்டும் என்று கழற்றியது லோடில் இன்னும் சூடாக்கும்.

குழல் குத்தி, தொட்டிகளைப் பற்றவைத்து, தெர்மோஸ்டாட், மூடி, கிளாம்ப், கூலண்ட் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் திரவம் பற்றியும் ஒரு வார்த்தை. பனி உறையும் ஊருக்குத்தான் அது, நமக்கெதற்கு என்று சொல்லாத டிரைவர் இல்லை. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. சம பங்கு டிஸ்டில்டு வாட்டரோடு கலந்தால் அது மூடி இல்லாமலே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. உள்ளே துருவும் பொருக்கும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். இனிப்பு வாசம் வரும், ஆனால் விஷம், குழந்தைகளும் நாய்களும் இருக்கும் இடத்தில் திறந்து வைக்கக் கூடாது. பட்டறைக்காரர்கள் வடித்ததைத் தெருவில் விடவும் கூடாது.

ஆசிரியர் அவர்களே, வழியில் சூடானால் என்ன செய்வது என்று நீங்கள் எழுத வேண்டியதை, பாயும் நானும் உட்கார்ந்து பேசிச் சரிபார்த்த அளவில் இங்கே எழுதுகிறேன். ஊசி ஏற ஆரம்பித்ததுமே ஏ.சி. இருந்தால் அணைத்துவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுக்கத் திறந்துவிட்டால் கொஞ்சம் சூடு அந்த வழியாகப் போகும், பயணிக்கு வேர்க்கும், பரவாயில்லை. சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ, ஏறிய ஊசி திடீரென்று இறங்கினாலோ உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். ஆவி அடங்கிய பிறகு பானெட்டைத் தூக்கிவிட்டு அரை மணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸைத் துணியோடு பிடித்து அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, மூடியைத் தொடக் கூடாது. அமுங்கிய பிறகும் தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருகி, மிச்ச மூச்சு போகும் வரை விட்டுப் பிறகு திறக்க வேண்டும். தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கொதிக்கிற என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால் ஹெட்டில் விரிசல் விழலாம், அப்புறம் உண்மையாகவே அதை இறக்க வேண்டி வரும். அப்படி ஊற்றிய தண்ணீர் அடுத்த பட்டறை வரை போய்ச் சேரத்தான். மறுநாள் லோடு ஏற்ற இல்லை.

பழைய வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளும் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். கோயம்பேட்டில் விடியற்காலை லோடு இறக்கிவிட்டு, சீட்டில் சாய்ந்துகொண்டு இதைப் படிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஹெட்டை இறக்கணும் என்று யாராவது சொன்னால், ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் இறக்கட்டும். வெங்காயம் ஏற்றுகிறவர்கள் ரேடியேட்டர் முகப்பை வாரம் ஒரு தடவை பாருங்கள், முன்னால் போகும் வண்டியிலிருந்து பறக்கும் தோல் ஈரத்தோடு அதில் அப்பி, உரித்தெடுக்கும் அளவுக்குப் படிந்துவிடும். தண்ணீரை என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடித்துக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து அதுவே அடைத்துவிடும்.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். கழுத்தில் தழும்பு நிற்கிறது, முன்கைத் தோல் இன்னும் வெயிலில் எரிகிறது என்று முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். இந்தத் தை மாதம் லைசென்ஸ் எடுத்துவிட்டான். காலையில் சாவி போடும் முன், ஆறிய ரேடியேட்டரைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பது அவன்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பாய் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பச்சையாக, தெளிவாக வருகிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் மூடுவான். போன வாரம் அதே சாலையில், அதே லோடோடு காஞ்சிபுரம் போய் வந்தோம். ஊசி பாதியைத் தாண்டவில்லை.

மே 4-ம் தேதி கத்திரி ஆரம்பிக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, அதே பக்கத்தில், அதே கட்டத்தில் அந்த வரியைத் திருத்திப் போடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். என் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லையென்றால் பரவாயில்லை. சூடான மூடியைத் திறக்க வேண்டாம் என்பதை மட்டுமாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாத்திர வாடகைக் கடைக்காரர்,
அயனாவரம், சென்னை - 23